வெளியே பூட்டு, உள்ளே புகை

கதவில் பூட்டுத் தொங்கியது. கூரைத் தகரத்தின் இடுக்குகளில் புகை வந்துகொண்டிருந்தது.

தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்தின் கடைசி வீடு அது. என் அக்கா மகன் சிவா அங்கே தனியாக இருந்தான். அன்று எஸ்டேட்டில் சம்பள நாள். வாசலுக்கு எதிரே இருந்த துணி துவைக்கும் கல்லில் மயில்சாமி உட்கார்ந்திருந்தார். காரமடைப் பக்கத்துக்காரர். ஒரு பைனான்ஸ் முதலாளிக்காக வாராவாரம் மொபெட்டில் மலையேறி வந்து, லயம் லயமாக வட்டி வசூல் செய்கிறவர். நாற்பது வயதிருக்கும். பச்சை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தார். புகையைப் பார்த்துக்கொண்டே, பூட்டைப் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார்.

நான் கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு கொஞ்சம் தள்ளி, கற்பூர மரத்தின் அடியில் நின்றேன். அவர் போகட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் போகட்டும் என்று அவர் காத்திருந்தார்.

மூடுபனி மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் வருவதும் போவதுமாக இருந்தது.

சாவிக்கொத்து

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

தேயிலை விலை விழுந்துபோன வருடங்கள் அவை. பச்சை இலையைக் கிள்ளி எடுக்கும் கூலிகூடத் தேறவில்லை என்று சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகிவிட்டது. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி ஒரு வாரம் ஓடினால் ஒரு வாரம் ஓடாது. ஃபேக்டரி ஓடும்போது இலை வாடுகிற வாசனை லயம் வரைக்கும் வரும். அந்த வாசனை வராத காலையில் யாரும் சரியாகப் பேசமாட்டார்கள்.

ஆனால் வட்டிக்காரர்கள் வராத வாரம் கிடையாது. அதனால் லயத்தில் ஒரு வழக்கம் வந்தது. கடன் வாங்கியவர் வீட்டுக்குள் இருப்பார். கடன் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். வட்டிக்காரர் போனதும் திறந்துவிடுவார்.

கீழ் லயத்தில் அந்த வேலை பாக்கியம் அக்காவுடையது. சம்பள நாளில் அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். மேனேஜர் பங்களாவில் இருக்கிற அம்மாகூட அவ்வளவு மிடுக்காக நடந்து நான் பார்த்ததில்லை.

"யாரு யாரு உள்ள இருக்கீங்க, சொல்லிப்புடுங்க. அப்புறம் மறந்துட்டேன்னு என்னைய ஏசக்கூடாது" என்று காலையிலேயே வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போவார்.

மயில்சாமிக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவரும் விளையாட்டைக் கெடுக்கமாட்டார். பூட்டிய கதவைப் பார்த்துச் சத்தமாகப் பேசுவார்.

"சிவா ஊட்ல இல்லையாட்டம் இருக்குது. சரிங்க, வந்தா மயில்சாமி வந்துட்டுப் போனான்னு சொல்லுங்க."

உள்ளே யாராவது இருமுவார்கள்.

"பூனைக்குச் சளி புடிச்சிருக்குது. சுக்குத் தண்ணி வெச்சுக் குடுங்க" என்பார். லயமே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும். இப்படியே வாரங்கள் ஓடின.

அவன் பேச்சை முடித்துவைத்தவர்கள்

சிவாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. ஆனால் பேச்சு மட்டும் மெதுவாகத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவன் தேடிக்கொண்டு நிற்பான். கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி, ஏதோ பரண்மேல் வைத்த பொருளைத் தேடுவதுபோல.

அந்த இடைவெளி யாருக்கும் பொறுக்காது. எனக்கும்தான்.

"சின்னம்மா, டீ..." என்பான்.

"குடிச்சாச்சுடா" என்பேன்.

அக்கா செத்தபோது அவள் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஃபேக்டரியில் இலை அள்ளிப் போடுகிற வேலை. வேலையோடு வீடும். இலைக்கு நல்ல விலை இருந்த வருடம் ஊரே தோட்டம் பிடித்தது. இவனும் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெள்ளி கவுடரின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தான். எடுத்த மறுவருடமே விலை சரிந்தது.

உரம் வாங்கப் பைனான்ஸில் அஞ்சாயிரம் கேட்கப் போனான். "அ..." என்று தேடிக்கொண்டு நின்றான். "பத்தா? பத்தே வாங்கிக்கப்பா" என்றார் முதலாளி. இவன் தலையாட்டினான். இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்றும் சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபம்.

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் அரை மூட்டை அரிசி கேட்கப் போனால் முழு மூட்டை. கவுடரிடம் ஒரு வருடக் குத்தகை கேட்கப் போனால் மூன்று வருடம். எல்லாரும் அவன் வாக்கியத்தைத் தங்களுக்குத் தோன்றியபடி முடித்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது அவனிடம். சீட்டு இல்லை, குடி இல்லை. தலையாட்டியே கடனாளியானவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நான் பேசுகிற லட்சணம்

அவனுக்காகப் போய்ப் பேச வேண்டிய ஆள் நான்தான். வேறு யாரும் இல்லை. அவன் அப்பா மலைக்குக் கீழே வேறு குடும்பத்தோடு இருந்தார்.

என் லட்சணத்தைக் கேளுங்கள். சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது, முகாமில் பெயர் கேட்ட அதிகாரியிடம் வாய் திறக்காமல் நின்று, என் வயதையும் பெயரையும் அக்காவே சொல்லவேண்டி வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டதற்குக்கூட, வாத்தியார் என்னை எழுந்து நின்று படிக்கச் சொன்னது ஒரு காரணம். பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்ததும் நிம்மதியானேன். இலை பறிக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பேசத் தெரியாத ஆட்களோடு எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு மரத்தடியில் நின்றேன்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். அதை வாங்க மாதம் ஒரு நாள் போய் வரிசையில் நிற்கவேண்டும். பஸ் நிறுத்தத்தில் வட்டிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அந்த மாதம் சிவா போகவில்லை. மாத்திரை தீர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்ததே முந்தின நாள்தான். நான் லீவு போட்டு வாங்கி வந்திருந்தேன்.

அடிப்பிடித்த சோறு

முதலில் சோறு கொதிக்கிற வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அடிப்பிடிக்கிற வாசனை.

மயில்சாமி மூக்கை உறிஞ்சினார். நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு சுவரில் இடித்து நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. புகை மட்டும் கறுப்பாக வர ஆரம்பித்தது.

ஓடிப்போய்ப் பாக்கியம் அக்காவைக் கூப்பிடலாம் என்றால் அவர் வீட்டிலும் பூட்டு. அது நிஜப் பூட்டு. பக்கத்து வாசலில் இருந்த கிழவி கிட்டே வந்து கிசுகிசுத்தாள். பிக்கட்டியில் யாரோ சொந்தக்காரர் செத்துவிட்டாராம். கதவுகளைப் பூட்டிய பிறகு சேதி வந்து, அந்த அவசரத்தில் கிடைத்த பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். சாவிக்கொத்து இடுப்போடு போய்விட்டது.

மயில்சாமி கல்லிலிருந்து எழுந்தார். என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"ஏனுங்கக்கா, உள்ள யாரும் இல்லைதானுங்களே?"

உண்மையைச் சொன்னால் விளையாட்டு முடிந்தது. சிவா மட்டுமல்ல, அந்த லயத்தில் பூட்டியிருந்த கதவு அத்தனையும் பொய் என்று நானே வட்டிக்காரரிடம் சொன்னதாகும். கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கான்" என்றேன்.

ஒரே சொல். தொண்டையில் முள் எடுத்ததுபோல இருந்தது.

மயில்சாமி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த சின்னக் கல்லைப் பெயர்த்து எடுத்தார். நாதாங்கியில் ஓங்கிப் போட்டார். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. மூன்றாவது அடியில் நாதாங்கி பிய்ந்து வந்தது.

"நான் ஊட்ல இல்ல"

சிவா அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவன் கை, தணல் கிடந்த இடத்திலிருந்து சாண் தூரத்தில்.

மயில்சாமி அவனை அப்படியே அணைத்து இழுத்துக் கதவுப் பக்கம் கொண்டுவந்தார். பதறிப்போய் மொபெட் சாவியை எடுத்து அவன் கையில் திணிக்கப் பார்த்தார்.

"இரும்பு குடுக்கணுமுங்களா?"

"வேணாம். ஒருக்களிச்சுப் படுக்கப் போடணும். அவ்வளவுதான்" என்றேன். அந்நிய ஆம்பளையிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். பேசுகிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

மயில்சாமி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் தலைக்கு அடியில் வைத்தார். நான் அடுப்பை அணைத்தேன். இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. சிவா தூங்குகிற மாதிரி கிடந்தான். பிறகு கண்ணைத் திறந்தான். முதலில் என்னைப் பார்த்தான். அடுத்து அவன் கண்ணில் பட்டது மயில்சாமியின் முகம்.

எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. நாக்குக் குழறியது.

"அ... அண்ணா... நான்... ஊட்ல இல்ல."

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இல்லப்பா, நீ ஊட்ல இல்ல. நான் பாக்கவே இல்ல. படுத்துக்கோ."

போர் வண்டி

கடுங்காப்பி வைத்துக் கொடுத்தேன். மயில்சாமி வாசல்படியில் உட்கார்ந்து குடித்தார். சிவாவும் கொஞ்சம் தெளிந்திருந்தான். அப்போதுதான் அந்தச் சேதி வெளியே வந்தது.

"திங்க... திங்கக்கிழமை..." என்றான் மயில்சாமியிடம்.

"திங்கக்கிழமை வரச் சொல்றியா?" என்றேன் நான். அவன் தலையாட்டவில்லை.

"எல்லாம் குடுத்துருவேன்" என்று முடித்தான்.

ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறான். போர் போடுகிற, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில் வேலை. வடக்கே எங்கேயோ இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முன்பணம் மொத்தமாகக் கொடுத்து அழைத்துப் போவானாம். எல்லாக் கடனும் அடைந்துவிடும். வலிப்பு இருப்பதை இவன் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் பை தயாராக இருந்தது.

மயில்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். வலது கையை விரித்துச் சிவாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இது எங்க போச்சுன்னு நெனச்சே? போர் வண்டீலதான். பகலு ராத்திரி கிடையாது அதுல. பைப்பு இறங்கறப்ப ஒரு நிமிசம் கண்ணு அசந்தேன். எனக்கு வெரலோட போச்சு. நீ அங்க உழுந்தீன்னா?"

சிவா தலையைக் குனிந்துகொண்டான்.

"பின்ன எப்படிங்க கட்டுறது?" என்று நான் கேட்டேன். உண்மையில் கேட்டேனா, மனதில் நினைத்ததை அவரே புரிந்துகொண்டாரா என்று இப்போது நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

"நாங்க தனித்தனியா வர்றதுனாலதானுங்க இந்தக் கூத்து. முந்திக்கிட்டு வாங்கோணும்னு ஒவ்வொருத்தனும் நெருக்கறோம். அண்ணாச்சி, கவுடரு, நானு. மூணு பேரையும் ஒரே எடத்துல உக்கார வைங்க. இருக்கறதைப் பங்கு போட்டுக்கிட்டுப் போறோம். ஆனா எங்க மொதலாளி ஜாமீன் கேப்பாருங்க. நிரந்தர வேலைல இருக்கற ஆளு கையெழுத்து."

அந்த ஆள் நான்தான்.

குட்டி பெஞ்சில் மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்துக்கு லீவு. சாவி என்னிடம்தான் இருக்கும். யாரிடமும் கேட்காமல் திறந்துவிட்டேன். வேறு இடம் எனக்குத் தெரியாது.

அங்கே இருப்பதெல்லாம் பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சு. மூன்று பேரும் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே சேலைத் தொட்டில்கள். பெள்ளி கவுடர் தலைப்பாகை தொட்டிலில் இடிக்கும்போதெல்லாம் ஒரு தடவை குனிந்துகொள்வார். வர்க்கி ரொட்டியும் டீயும் வைத்தேன்.

முதல் கொஞ்ச நேரம் அவர்கள் தங்கள் கஷ்டத்தைத்தான் பேசினார்கள்.

"மேட்டுப்பாளையத்து மொத்தக் கடைக்காரன் எனக்குச் சரக்கை நிறுத்திட்டாம்மா. நான் யார் வீட்டுக் கதவைத் தட்ட?" என்றார் அண்ணாச்சி.

"பேங்க் ஜீப்பைக் கண்டா நானே செடிக்குள்ள போயிடறேன்" என்றார் கவுடர். "எங்க ஹட்டியிலயும் பூட்டு வந்தாச்சு. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாரம் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'நான் கையெழுத்துப் போடுறேன்.' குழந்தைகளுக்குப் பால் கரைக்கும்போதும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். இப்போது அது வாய்க்குள்ளேயே இருந்தது, வரவில்லை. மூன்று ஆம்பளைகள், ஆறு கண். நான் பால்மாவு டின்னின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

யாரும் பேசாததால் சிவா பேச ஆரம்பித்தான்.

"ஃபேக்டரி ஓடுற வாரம்..." என்றான். நிறுத்தினான். கண்ணைத் திருப்பித் தேடினான். "சம்பளத்துல... பாதி. மூணு பேருக்கும்."

சரி என்று மயில்சாமி தலையாட்டினார்.

"ஓடாத வாரம்..."

அவன் தேடினான். கூரையில் பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு நாக்கு துடித்தது. வேறு நாளாக இருந்தால் நான் எப்போதோ முடித்துவைத்திருப்பேன். கூச்சம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஓடாத வாரம் அதுல பாதி குடுப்பே. அப்படித்தானே?"

சிவா தலையை ஆட்டினான். ஆனால் மேலும் கீழுமாக இல்லை. இடமும் வலமுமாக.

"ஓடாத வாரம் ஒ... ஒண்ணும் இல்ல" என்றான். "இருந்தாத்தான் குடுக்க முடியும்."

அண்ணாச்சி வர்க்கியை டீயில் முக்கியபடியே இருந்துவிட்டார். அது உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

"இன்னொண்ணு" என்றான் சிவா. இந்தத் தடவை ரொம்ப நேரம் தேடினான். யாரும் குறுக்கே வரவில்லை. "சின்னம்மா கையெழுத்து... வேணாம். கடன் என்னுது."

நான் டின்னைக் கீழே வைத்தேன்.

முதலில் பேசியவர் கவுடர்தான். "தோட்டத்தை நான் எடுத்துக்கறேன். வரப்போற வருசக் குத்தகை வேண்டாம். போன வருச பாக்கியை மெதுவாக் குடு." தொட்டிலில் இன்னொரு தடவை இடித்துக்கொண்டார். "அப்பவே ஒரு வருசம்தான் வேணும்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான் சிவா.

அண்ணாச்சி இனிமேல் ரொக்கத்துக்குத்தான் அரிசி என்று கறாராகச் சொன்னார். சொன்னபடி நடந்தும் கொண்டார். மயில்சாமி முதலாளியிடம் பேசிவிட்டு அடுத்த வாரம் வந்தார். இதுவரை கட்டிய வட்டி போதும், மீதி அசல் மட்டும். ஜாமீன் வேண்டாம் என்று முதலாளியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்டதற்கு, "போர் வண்டீல உழுந்து செத்தான்னா அசலும் வராதுங்கன்னு சொன்னேன். கணக்குத்தானுங்க அவருக்குப் புரியும்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை காலை சிவா குன்னூருக்குப் போகத்தான் செய்தான். ஆஸ்பத்திரிக்கு, டாக்டரிடம் காட்ட, என்னோடு. பஸ் ஸ்டாண்டில் ஏஜென்ட் நான்கைந்து பையன்களோடு நின்றிருந்தான். சிவாவைப் பார்த்துக் கையசைத்தான். இவன் இடமும் வலமுமாகத் தலையாட்டினான். பர்லியார் வழியாகக் கீழே போகிற பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பையன்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்காக யார் பெஞ்சு போட்டார்கள்?

கயிறு

கடன் அடையப் பல வருடங்கள் ஆயின. ஃபேக்டரி ஓடாத வாரங்கள்தான் அதிகம். அந்த வாரங்களிலும் மயில்சாமி வந்தார். காசு இல்லை என்று தெரிந்தும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

பாக்கியம் அக்கா பிக்கட்டியிலிருந்து திரும்பிவந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சாவிக்கொத்தை அன்றே அவரவரிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கீழ் லயத்தில் உள்ளே ஆளை வைத்து யாரும் பூட்டவில்லை.

ஒரு நாள் மயில்சாமி புது நாதாங்கியும் திருகாணியும் வாங்கி வந்தார். "உடைச்சது நான்தானுங்களே" என்றார். சிவா வேண்டாம் என்றுவிட்டான். வெளியேயும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். இலைச்சாக்கு கட்டுகிற கயிறு ஒன்றைத் துளையில் கோர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். இரண்டு தடவை குரங்கு அவிழ்த்து உள்ளே போய் அரிசிப் பானையை உருட்டியிருக்கிறது. ஆனாலும் கதவில் இன்றைக்கும் அந்தக் கயிறுதான்.

போன ஞாயிறு போயிருந்தேன். கயிறு கட்டாமல் கதவு லேசாகத் திறந்திருந்தது. தகர இடுக்கில் புகை.

"சின்னம்மா, டீ..." என்றான் உள்ளேயிருந்து.

வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வாசல்படியிலேயே நின்றேன்.

"...ஆறிக்கிட்டு இருக்கு. எவ்வளவு நேரமா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றான்.